மாதம் நாற்பது டாலர்தானே என்று இருக்காதீர்கள்

கேள்வி: ஹாங்காங்கில் வேலை விசாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். லண்டனில் தஞ்சம் பெற்றிருக்கும் ஹாங்காங் ஜனநாயகப் போராளி நேதன் லாவின் பேச்சு பிடித்துப்போய் 2022-ல் மாதம் 40 ஹாங்காங் டாலர் சந்தா கட்ட ஆரம்பித்தேன். கார்டில் இன்னும் தானாகப் போகிறது. 23 வயதில் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தவரை, உறுதிமொழி எடுத்த விதம் சரியில்லை என்று பதவியிலிருந்து தூக்கினார்களே, அநியாயம் இல்லையா? மனைவி தினமும் அழுகிறாள்.

பதில்: அநியாயமா இல்லையா என்று உங்களிடம் எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. 2024 ஜூன் 12-க்குப் பிறகும் பணம் போயிருக்கிறது, விஷயம் அதுதான். அன்று அவரையும் இன்னும் ஐந்து பேரையும் தலைமறைவானவர்கள் என்று அரசு அறிவித்தது. அதன்பின் அவருக்குப் பணம் தருவதே தனிக் குற்றம், 7 வருடம் வரை சிறை. தொகை சின்னது என்பதைத் தண்டனை பற்றிப் பேசும்போது சொல்லலாம், அதற்கு முன் உதவாது. முந்தைய தவணைகளையும் பிரிவினைக்குப் பண உதவி என்று ஹாங்காங்குக்காகச் சீனா கொண்டுவந்த 2020 தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இழுக்க இடமுண்டு, அந்தச் சட்டத்தில் ஜாமீனும் லேசில் கிடைக்காது.

நீங்கள் ஜெயிலை நினைத்துப் பயப்படுகிறீர்கள், எனக்குப் பயம் உங்கள் விசாவை நினைத்துத்தான். அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவில், நிரந்தர வசிப்புரிமை இல்லாதவரை வழக்கே போடாமலும் நாடு கடத்தலாம். அதற்கான ஏழு வருடம் உங்களுக்கு இன்னும் முடியவில்லை.

சந்தாவை இன்றே நிறுத்துங்கள். ஆனால் சந்தா கட்டிய இணையக் கணக்கை அழிக்காதீர்கள், இரண்டும் வேறு. என்னிடம் வந்த ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் அந்த ஒரு வரி அப்படியே இருந்தது, அழித்ததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்னொருவர் படித்தவர், தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விளக்கிவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தார். "அவங்க போராட்டத்துக்கு என்னால முடிஞ்சது" என்று சொன்னாராம். நோக்கத்தை நிரூபிக்க அரசுத் தரப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆபீஸ் எச்.ஆரிடம் மனம் திறப்பதும் இதே ரகம்தான்.

அங்குள்ள கிரிமினல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். கம்பெனி சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ மாற்றல் கொடுத்தால், அவரைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். யாரும் தேடாத நேரத்தில் போவது தப்பி ஓடுவது ஆகாது. அப்புறம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பதில் போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.