ரெயின்போ சிக்ஸ்: பாதியில் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். ஸ்பெயின் கேளிக்கைப் பூங்கா முற்றுகை வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

200 பக்கங்களிலேயே சலிப்புத் தட்டுகிறது, நண்பர்களோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்கிறீர்கள். டாம் கிளான்சியின் இந்த 1998 நாவலுக்குள் இரண்டு கதைகள் ஓடுகின்றன: இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டில் தளம் அமைத்த பயங்கரவாத எதிர்ப்புப் படையின் மீட்புப் பணிகள், கூடவே கொடிய கிருமியைப் பரப்பும் ஒரு சதி. முதலாவதில் லயித்தவர்களுக்கு இரண்டாவது வெறும் இழுவை.

பூங்காவில் நோயாளிச் சிறுமியைக் கொன்றவன் துடித்துச் சாகட்டும் என்றே அவன் கல்லீரலைக் குறிவைத்துச் சுடுகிறான் ஒரு வீரன். அது உங்களுக்கு நியாயமாகப் பட்டால் மிச்சமும் பிடிக்கும். என்னை அந்த இடம் உறுத்தியது. ஆனாலும் முற்றுகைகளின் நுணுக்கத்துக்காகவே கடைசிவரை படித்தேன்.

சதிகாரர்களிடம் மட்டும் ஆழத்தை எதிர்பார்க்காதீர்கள்.