மகனை ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் 1 படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து அடுத்த தெருவில் நின்ற பைக்கை எடுத்துச் சுற்றியதாகப் போலீஸ் பிடித்தது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது. 'பைக்கை நான் தொடவே இல்லை, பின்னால்தான் உட்கார்ந்தேன்' என்கிறான். 'ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்' என்கிறார் உறவினர். ஜெயிலுக்குப் போவானா? அரசு வேலை கனவுதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஜெயில் கிடையாதம்மா, அந்தப் பயத்தை விடுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். உயர்ந்த மேடையோ சாட்சிக் கூண்டோ அங்கே இருக்கக் கூடாது என்பது விதி.

உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள். செய்யாததைச் செய்தேன் என்று பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பெரிய அநியாயம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள்.

நீங்கள் உண்மையில் கவனம் வைக்க வேண்டியது நன்னடத்தை அலுவலரிடம். அவர் தயாரிக்கும் சமூக ஆய்வறிக்கையைப் பார்த்துத்தான் குழுமம் முடிவெடுக்கும். பையன் யாரோடு பழகுகிறான், மார்க் எப்போதிலிருந்து குறைந்தது, வீட்டில் சண்டை உண்டா, அப்பா குடிப்பாரா என்றெல்லாம் விசாரிப்பார். மானம் போய்விடும் என்று பலர் இங்கேதான் மூடி மறைக்கிறார்கள். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். பிரச்சினை தெரிந்தால்தான் கவுன்சலிங்குக்கு அனுப்புவதா, கண்டித்துப் பெற்றோரிடம் ஒப்படைப்பதா, சமூக சேவை செய்யச் சொல்வதா என்று அவர்களால் யோசிக்க முடியும். சிறுவர்களைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் 3 ஆண்டுக்கு மேல் வைக்க முடியாது.

16 வயதானால் பெரியவர்களைப் போல விசாரிப்பார்கள் என்று யாராவது பயமுறுத்தலாம். அந்தப் பேச்சு குறைந்தபட்சமே 7 ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றங்களுக்குத்தான். சாதாரணத் திருட்டு சிறு குற்றம். விசாரணைக்கு 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2 மாதம். அதற்குள் முடியாவிட்டால் வழக்கே கைவிடப்படும்.

இந்த வழக்கு வேலைக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்று சட்டத்தின் 24-வது பிரிவே சொல்கிறது. அவன் பெயரையோ போட்டோவையோ யாரும் வெளியிடுவதும் குற்றம்.

வாய்தாவுக்குப் போகும்போது வயதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் போங்கள். அவமானம் என்று அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் நாளையே பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளியிலும் நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார்.