பிரெயில் புத்தகத்தை எடைக்குப் போடலாமா?

டீச்சர் பதில்கள்

(பதில் சொல்பவர் தர்மபுரி மாவட்டத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்தே பார்வையற்றவர், பிரெயிலில் படிப்பவர்.)

*கேள்வி: வணக்கம் டீச்சர். என் கணவரின் பெரியப்பாவுக்குப் பார்வை கிடையாது. வாத்தியாராக இருந்தவர், போன வருஷம் தவறிவிட்டார். அவர் அறையில் பீரோ நிறையவும் பரண் மேலும் பிரெயில் புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பழைய பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டு, "கெட்டி பேப்பர்மா, நல்லா எடை நிக்கும்" என்கிறார். வீட்டுக்காரரும் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எது என்ன புத்தகம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. யாருக்குக் கொடுப்பது?*
– வாசகி, பாலக்கோடு

பேப்பர்காரர் மேல் தப்பில்லை அம்மா. எடை நிற்கும் என்பது உண்மைதான். ஒரு தொகுதி ஒரு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அவரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். அவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கும், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பரணில் அவை எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்து நிறுத்தி வையுங்கள். பிரெயிலில் எழுத்து என்பது தாளில் எழுந்து நிற்கும் மேடு. பாரம் ஏறினால் அமுங்கிவிடும். அடியில் கிடந்த புத்தகம் கண்ணுக்குப் புதுசாகத் தெரியும். விரலுக்கு அது வெறும் தாள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், சாக்கில் திணிப்பதும் வேண்டாம். நம் பக்கம் ஈரத்தைவிடக் கரையான்தான் பெரிய தொல்லை. வீடு இடிக்கிற வரைக்கும் சுவரோரமாகத் தரையில் வைக்காதீர்கள். பீரோ இரும்பு பீரோ என்றால் அதிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரல் நுனியை ஒரு வரியின் மேல் இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். அழுத்தக் கூடாது. ரவையைத் தொட்டதுபோல் மணிமணியாகத் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் படிக்க ஆகும். வழுக்கிக்கொண்டு போனால் ஆகாது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்; எல்லாருடைய விரலும் அதிகம் பட்டுத் தேய்வது முதல் சில பக்கங்கள்தான். நடுவில் நாலு இடம் தொட்டுப் பாருங்கள்.

என்ன புத்தகம் என்று தெரியவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அட்டையிலோ முதுகிலோ முதல் தாளிலோ சாதாரண எழுத்திலும் பெயர் இருக்கும். எடுத்து வைக்கிற நூலகர் பார்வையுள்ளவர்தானே. இல்லாவிட்டால் முதல் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, பிரெயில் தெரிந்த ஆசிரியர் யாருக்காவது அனுப்புங்கள். நேராக ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெள்ளைத் தாள்தான் விழும். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும், கண்ணாலேயே படித்துவிடலாம். பார்வையுள்ள சிறப்பாசிரியர்கள் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

தொகுதி எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பிரெயிலில் ஒரு கட்டம் என்பது ஆறு புள்ளிக்கான இடம்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. எண்ணுக்கு முன்னால் ஒரு குறி வரும்: வலப்பக்கம் மூன்று புள்ளி செங்குத்தாக, இடப்பக்கம் அடியில் ஒரு புள்ளி. அதற்கு அடுத்த கட்டத்தில் இடது மேல் மூலையில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் 1. மேலும் கீழுமாக இரண்டு என்றால் 2. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் 3. இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், தொகுதி முழுசாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெரிய அளவுத் தாளிலேயே வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி, அவ்வளவுதான் கொள்ளும். அச்சில் 'கொ' ஓர் எழுத்து; எங்களுக்குக் 'க' ஒரு கட்டம், 'ஒ' ஒரு கட்டம். கைக்கடக்கமான நாவல்கூட நாலைந்து தொகுதியாகத்தான் எங்களிடம் வந்து சேரும். அதில் இரண்டாம் தொகுதி இல்லை என்றால், கதையை யார் போய் யாரிடம் கேட்பது? அப்படி அரைகுறையாக இருப்பவற்றைத் தனியாக வையுங்கள்.

இப்போது பட்டியல் போடுங்கள். பெயர், மொழி, எத்தனை தொகுதி, எதில் குறை, புள்ளி நன்றாக இருக்கிறதா. பாடப்புத்தகம் என்றால் எந்த வருஷத்துப் பதிப்பு என்றும் எழுதுங்கள். சமச்சீர் பாடம் 2010இல் வந்தது. 2018இலிருந்து மறுபடி பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய பதிப்பைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தால் பரீட்சைக்கு உதவாது. ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் பழைய சமச்சீரையும் விடுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும்தான். அதற்காகப் படிக்கிற பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வரைபடம் இருந்தால் கொஞ்சம் கவனம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முந்தைய, விரலால் தொட்டுப் பார்க்கிற வரைபடத்தில் நாம் எல்லாரும் ஒரே தர்மபுரிக்காரர்கள்! பழங்கதை பேச உதவும், பாடத்துக்கு உதவாது.

பட்டியல் கையில் இருக்கும்போதுதான் ஆள் தேட வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறார். யாராவது "எனக்கு இந்தப் புத்தகம் வேண்டும்" என்று சொல்லாமல் ஒரு புத்தகம்கூட வீட்டை விட்டு நகரக் கூடாது. பார்வையற்றோர் என்ற பெயரைப் பார்த்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பள்ளியில் இறக்கிவிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வாங்கின தலைமையாசிரியர் பாவம், எறியவும் முடியாது, வைக்க இடமும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் போகும். உங்கள் பரணில் இருந்த புத்தகம் அவர்கள் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரைக் கேட்பது? முதலில் உங்கள் வட்டார வள மையம். அங்கே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். எந்த ஊரில் எந்த வகுப்பில் பார்வை இல்லாத பிள்ளை படிக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் எங்கள் ஆட்கள் எப்படியும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் பட்டியலைப் படித்துக் காட்டினாலே வேலை பாதி முடிந்தது. நம் பக்கத்தில் யாரும் கேட்காததை வெளியே கேளுங்கள். பூந்தமல்லியில், டேராடூனைத் தலைமையகமாகக் கொண்ட பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெயில் பிரிவு உண்டு. இங்கேயும் ஃபோன் முதலில், புத்தகம் அப்புறம். திருக்குறள் இருந்தால் கிடைக்காத பொக்கிஷம் என்று நினைத்துவிடாதீர்கள். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் பிரெயிலில் கொண்டுவந்த குறள், மணிமேகலை எல்லாம் 2023 டிசம்பரில் வெளியாயின. இருந்தாலும் குறளை வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

வெளியூருக்கு அனுப்ப லாரி வாடகை பார்க்காதீர்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் கட்டு 7 கிலோ வரை சாதாரணத் தபாலில் இலவசம். நாலைந்து தொகுதிக்கு ஒரு கட்டு. மேலே 'லிட்டரேச்சர் ஃபார் த பிளைண்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரியும் எழுத வேண்டும். பிரித்துப் பார்க்கிற மாதிரி கட்ட வேண்டும். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிவிடாதீர்கள். உள்ளே "நலம், நலமறிய ஆவல்" என்று கடிதம் வைக்கக் கூடாது. சின்ன அஞ்சலகத்தில் இந்த வகைக் கட்டு எப்போதோ ஒன்றுதான் வரும், கவுன்டரில் இருப்பவர் விதியைத் தேட வேண்டியிருக்கும். அதனால் தலைமை அஞ்சலகத்துக்குப் போவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும். தொகுதி விட்டுப்போனவற்றை எடுத்து வையுங்கள், பிரெயில் பழகுகிறவர்களுக்கு ஆகும். மற்றது புள்ளி அமுங்கியது, கரையான் தின்றது. அதைப் பேப்பர்காரரிடம் போடுங்கள், பாவமே இல்லை. பிளாஸ்டிக் தாளில் எடுத்த பக்கங்கள் இருந்தால் அவற்றை மட்டும் பிரித்துவிடுங்கள். பெரியப்பா பிரெயில் எழுதுகிற ஸ்லேட் (தாளைப் பிடிக்கிற துளைச் சட்டம்), ஸ்டைலஸ் (குத்தூசி), பெர்கின்ஸ் மெஷின் ஏதாவது வைத்திருந்தாரா என்றும் தேடுங்கள். தட்டச்சு மெஷின் மாதிரி கனமாக, ஆனால் ஆறே ஆறு எழுத்துக்கட்டை, நடுவில் இடைவெளிக் கட்டை என்று இருந்தால் அதுதான் பெர்கின்ஸ். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்!

*கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு அலமாரி முழுக்க பிரெயில் புத்தகங்கள் வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒருவர்கூடக் கேட்டு வந்ததில்லை. வாசகர் வட்டத்தில் இருக்கிற நாங்களே எடுத்து வேறு எங்காவது கொடுத்துவிடலாமா?*
– வாசகர், ஊத்தங்கரை

எடுக்கக் கூடாது. நூலகப் புத்தகம் இருப்புப் பதிவேட்டில் இருக்கும். குறைந்தால் நூலகர் தலையில் விழும். பட்டியல் போட்டு, எங்கே மாற்றினால் படிக்க ஆள் உண்டு என்றும் எழுதி, நூலகர் மூலமாக மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒருவரும் வரவில்லை என்கிறீர்கள். அலமாரி இருக்கிறது என்று யாருக்குச் சொன்னீர்கள்? வாசலில் போர்டு வைத்திருப்பீர்கள். எங்களுக்குப் போர்டு எதற்கு? ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரோட்டைக் கடந்து, படியேறி வருவதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். அந்தத் துணைக்கு வாசகர் வட்டத்தில் ஒருவர் முறை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

*கேள்வி: என் மகன் சின்ன வயதில் படித்த ஆங்கில பிரெயில் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. நல்ல விலை கொடுத்து வாங்கியவை. இப்போது எல்லாம் ஃபோனில் கேட்டுவிடுகிறான். ஆன்லைனில் விற்கலாமா? அப்படியே இன்னொரு சந்தேகம்: ஃபோன் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறபோது பிரெயில் எதற்கு?*
– வாசகர், ஓசூர்

உங்கள் பொருள், விற்பது உங்கள் இஷ்டம். ஆனால் வாங்கிய விலை வராது. ஓசூர், பெங்களூரு பக்கம் சின்னக் குழந்தை வைத்திருக்கிற குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தால் அந்தப் புத்தகம் உழைக்கும். அச்சும் பிரெயிலும் சேர்ந்த புத்தகங்கள் என்றால் இன்னும் மேல். அம்மா கண்ணால் படிக்க, பிள்ளை விரலால் தொடர்ந்து வரும். முழு எழுத்தில் இருக்கிறதா, சுருக்கெழுத்தில் இருக்கிறதா என்று மகனிடம் கேட்டுச் சொல்லிவிடுங்கள். சுருக்கெழுத்தில் 'த', 'அண்ட்' போன்ற ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் ஒரே கட்டம். இப்போதுதான் எழுத்து கற்கிற குழந்தை அதில் தடுமாறும்.

ஃபோனை நானும் நாள் முழுக்கக் கேட்கிறேன், பகை ஒன்றுமில்லை. ஆனால் காதால் மட்டுமே தமிழ் படித்த பிள்ளைகளின் விடைத்தாளை, பார்வையுள்ள ஒருவரை வைத்து எது எந்த எழுத்து என்று சொல்லிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கே 'ந', எங்கே 'ன' என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. எப்படித் தெரியும், காதுக்கு இரண்டும் ஒன்றுதானே. கணக்கு அதைவிட மோசம். பின்னத்துக்கு மேல் பின்னம் வந்தால் ஃபோன் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். மேலே எது, கீழே எது என்று விரல் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

*கேள்வி: சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கிறேன். எனக்குப் பார்வை உண்டு. ஸ்லேட்டில் பிரெயில் எழுத ஓரளவு வந்துவிட்டது, படிக்கத்தான் திணறுகிறேன். 'இ'யும் 'ஏ'யும் குழம்புகின்றன. பழகுவதற்குப் பழைய தாள்கள் எங்கே கிடைக்கும்?*
– மாணவி, கிருஷ்ணகிரி

குழம்பத்தான் செய்யும். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்துகிறீர்கள், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறீர்கள். கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று புள்ளிகளுக்கு எண். 'இ'க்கு 2, 4ஆம் புள்ளிகள், 'ஏ'க்கு 1, 5. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது. எழுதிப் பழகிய கை படிக்கும்போது ஏமாற்றும். எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, படிப்பதை மட்டும் செய்யுங்கள்.

உங்களுக்கு ஏற்றது பரீட்சைக்கு ஆகாத பழைய பாடப்புத்தகம்தான். அதன் அச்சுப் பிரதி எந்த வீட்டிலாவது கிடைக்கும். பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கீழ் வகுப்புத் தமிழ்ப் புத்தகமாக எடுங்கள். இரண்டு பக்கமும் குத்திய தாள் என்றால் கண்ணுக்கு மேடும் பள்ளமும் கலந்து தெரியும். விரலுக்கு மேடு மட்டும்தான் தெரியும். அதனால் தாள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, பிள்ளையின் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கத் தெரியாமல் நிற்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

பாலக்கோடு அம்மாவின் கடிதத்தை மேலே படித்திருப்பீர்கள். உங்கள் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அவருடைய பட்டியல் வந்ததும் சேர்ப்பித்துவிடுவார்கள். தொகுதி விட்டுப்போன புத்தகங்களையும் உங்களுக்கே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழகுவதற்கு அது போதும். போகும்போது தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. திரும்புகிற பஸ்ஸில் மேல் கேரியரில் போட்டு அதன்மேல் யாரும் பெட்டி வைக்க விடாதீர்கள்.