வாசகர் கேள்வி பதில்: தறிச் சத்தமும் தாத்தாவின் குரலும்

கேள்வி: கல்லூரிக்காக 11 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறோம். ஒரு நெசவாளர் தாத்தாவும் அவர் பேத்தியும்தான் கதை. குடியாத்தத்தில் ஒரு தறி வீட்டில் போனிலேயே எடுத்தோம், தாத்தாவாக நடித்தவரும் உண்மையான நெசவாளர்தான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அவர் பேசுவது பாதி கேட்கவில்லை. சோகக் காட்சிக்கு இணையத்திலிருந்து ஒரு வயலின் இசையை இறக்கி வைத்திருக்கிறோம். எடிட்டிங் இனிமேல்தான். எதிலிருந்து தொடங்குவது?
- மூன்றாமாண்டு மாணவி, குடியாத்தம்

பதில்: வயலினைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வசனம் கேட்காத இடத்தில் இசையை ஏற்றினால் குறை மறைந்துவிடும் என்று நினைத்துத்தான் நிறைய மாணவர் படங்கள் கெட்டுப்போகின்றன, பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து இரைச்சலாகத்தான் கேட்கும். முதலில் வசனம், அப்புறம் அந்த இடத்தின் சத்தம், அப்புறம் சின்னச் சின்ன ஓசைகள், எல்லாம் முடிந்தபின் இசை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போன் வீடியோவில் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்பது பெரும்பாலும் நிலையாக இருக்காது, கூடிக் குறையும். அப்படியே எடிட்டிங்கில் போட்டால் தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டியிருந்த குரல் போகப்போக விலகிவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், 30 ஃப்ரேமில் எடுத்திருந்தால் அதே 30-இல் நிலையாக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். ஒலிப்பதிவு எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், வேவ் (WAV) என்ற ஒலிக் கோப்பாக இருக்கட்டும்.

சரி, வசனம். அந்தப் பெரியவரை ஸ்டுடியோவில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, திரையைப் பார்த்துப் பேசுங்கள் என்றால் குரல் இறுகிப்போகும். அதே வீட்டுக்கே போங்கள். தறி ஓடாத நாளாகப் பார்த்து விடிகாலையில் போனால் நல்லது, ஏனென்றால் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டியிருக்கும், நம் ஊர் மே மாத வெயிலில் பத்து மணிக்கு மேல் அது நடக்காது. படப்பிடிப்பில் ஏற்கெனவே பதிவான குரலை ஒரு வரி போட்டுக் காட்டி, அதே வேகத்தில் அவரை நாலைந்து தடவை சொல்லவையுங்கள். போன் அவர் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரொலி வந்தால் சுற்றிலும் போர்வை தொங்கவிடுங்கள்.

குரலை ஒட்டும்போது எல்லா எழுத்தையும் துரத்த வேண்டாம். ப, ம இரண்டும் உதடு மூடினால்தான் பிறக்கும். ‘அம்மா’, ‘பாப்பா’ என்று வரும் இடங்களில் உதடு மூடும் ஃப்ரேமைப் பிடித்துவிட்டால் மீதிச் சொற்கள் பெரும்பாலும் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒட்டிய குரல் காட்சியோடு சேராமல் தனித்து நிற்கும், அதனால் யாரும் பேசாமல் அந்த வீட்டை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து, எல்லாக் காட்சிக்கும் அடியில் மெலிதாக ஓடவிடுங்கள்.

நீங்கள் தொந்தரவு என்று எழுதிய தறிச் சத்தம்தான் எனக்கு உங்கள் படத்திலேயே முக்கியமாகப் படுகிறது. வேறொரு நாள் போய் அதை மூன்று விதமாகப் பதியுங்கள்: தறிக்குப் பக்கத்தில், வாசற்படியில், தெருவில். பக்கத்தில் பதிந்ததையே குறைத்து வைத்தால் தூரத்துச் சத்தம் ஆகாது. சுவரைத் தாண்டும்போது நாடா (தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் கருவி) அடிக்கும் அந்தக் கூர்மை போய் தொம் தொம் என்ற அடிதான் மிஞ்சும், காது இதைக் கண்டுபிடித்துவிடும். தாத்தா பேசும்போது தெருவிலிருந்து பதிந்த தறிச் சத்தம் ஓடட்டும். அவர் முக்கியமான வரியைச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் தறி நிற்கட்டும். அந்த அமைதிக்கு மேல் எந்த வயலினும் வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இசை வேண்டும் என்றே தோன்றினால், இறக்கி வைத்ததை விட்டுவிடுங்கள். சில நொடிகள்தானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்குத் தனி உரிமை, அதில் பதிவின் உரிமையே 60 ஆண்டு இருக்கும். வட ஆற்காட்டில் இருந்துகொண்டு இசைக்கு இணையத்தில் ஏன் தேட வேண்டும்? தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கும் மண் இது. கூத்தில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவி வாசிக்கும் ஒருவரைத் தேடிப்போய், காசு கொடுத்து, எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொண்டு அரை நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில், எடிட்டிங் மென்பொருளின் ஒலிமானியில் தெரியும் அளவு. வசனத்தின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் இருக்கட்டும், 0-வைத் தொடவே கூடாது. பேச்சுக்கு அடியில் இசை வந்தால் மைனஸ் 25 பக்கம் இறக்குங்கள். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் போட்டு, கதை தெரியாத ஒருவரைக் கேட்கவையுங்கள்.

கேள்வி: பாலாற்று மணலில் நடக்கும் காட்சியில் காலடிச் சத்தமே இல்லை. மழைச் சத்தமும் வேண்டும்.
- மாணவர், ஆம்பூர்

பதில்: அகலமான தாம்பாளத்தில் மணலைக் கொட்டி, படத்தைப் பார்த்தபடியே வெறுங்காலால் மிதித்துப் பதியுங்கள், கையால் தட்டினால் உடம்பின் எடை வராது. மழைக்கு, சூடான எண்ணெயில் வடகம் பொரியும் சத்தம் போதும், மைக்கை மட்டும் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சேர்ப்பதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் அல்லது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும், ரிசால்வில் ஃபேர்லைட் என்ற பக்கமே ஒலிக்காக இருக்கிறது.