மாசத்துக்கு ஒரு கோயிலா கட்டப் போறாங்க?

வணக்கம் அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்துப் பையனை பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அவன் இப்போது நாலாம் வருஷம். முடித்ததும் அமெரிக்கா போய் மேல்படிப்பு, அதற்கப்புறம் கத்தோலிக்கக் கோயில்கள் மட்டும்தான் டிசைன் பண்ணுவேன் என்கிறான். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள்: "மாசத்துக்கு ஒரு கோயிலா கட்டப் போறாங்க, இவனுக்குச் சோறு போட?"

மாசத்துக்கு ஒரு கோயில் என்ற கணக்கில் வேலை பார்த்தே வாழ்ந்த மனிதர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் கத்தோலிக்கக் கோயில்களுக்கு பிளான் போட்ட ஆர்க்கிடெக்ட், பேட்ரிக் சார்லஸ் கீலி. உங்கள் பையனுக்கு அவரைத் தெரிந்திருக்கும். நீங்களும் தெரிந்துகொண்டால் அடுத்த முறை அவனோடு பேசும்போது உங்கள் பக்கமும் கொஞ்சம் சரக்கு இருக்கும்.

கீலி 1816-ல் அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில் தர்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கட்டட வேலைக்காரர். பிளான் வரைவதையும் கட்டுவதையும் அப்பாவிடமே படித்தார். 1842-ல் கப்பலேறி நியூயார்க் பக்கம் புரூக்ளினுக்கு வந்து இறங்கினார். வந்தவுடன் யாரும் ஆர்க்கிடெக்ட் நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை. சில வருஷம் தச்சு வேலைதான். 1846 வாக்கில் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் சில்வெஸ்டர் மலோன் என்ற இளம் பங்குத்தந்தை ஒரு கோயில் கட்ட நினைத்தார். கீலிக்குத் தெரிந்தவர், அவரும் ஐரிஷ்காரர். பிளான் போட்டுக் கொடுத்தது கீலி. புனித பேதுரு பவுல் கோயில் 1848-ல் எழுந்தபோது அந்தப் பகுதியின் மற்ற பங்குகளில், அதாவது மற்ற கோயில் வட்டாரங்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அங்கே கத்தோலிக்கர்கள் ஏழைகள், கோயில்களும் பெரும்பாலும் எளிய கட்டடங்கள். கூர் வளைவும் உயரமுமாக ஒரு கோதிக் கோயில் நம்மாலும் கட்ட முடியுமா என்று ஆகிவிட்டது.

அதே வருஷம் ஆல்பனி நகரத்தின் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த வேலையும் கீலிக்குத்தான். அப்போது வயது 31. 1896-ல் அவர் இறக்கும்வரை போட்ட கோயில்கள் 600 வரை இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாஸ்டனின் திருச்சிலுவைப் பேராலயமும் சிகாகோவின் திருநாமப் பேராலயமும் அவருடையவை. 48 வருஷத்தை 600-க்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்குப் பன்னிரண்டரை வரும்.

இந்த இடத்தில் உங்கள் பையன் "பாத்தீங்களாப்பா" என்பான். நீங்கள் கேட்க வேண்டியது, ஏன் அவருக்கு அத்தனை வேலை வந்தது என்பதை.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள், பெரும்பாலானோர் அமெரிக்காவுக்கு. பாஸ்டன், நியூயார்க், சிகாகோ என்று இறங்கிய இடமெல்லாம் புதுப் பங்கு, புதுப் பங்குக்குக் கோயில். சாமியார்களிலும் ஆயர்களிலும் நிறையப் பேர் ஐரிஷ்காரர்கள், கீலிக்கு ஊர்க்காரர்கள் மாதிரி. ஒரு சாமியார் இன்னொருவரிடம், "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், சொன்ன காசுக்குள்ளே முடிச்சுக் கொடுப்பார்" என்று சொன்னால் போதும். கீலி வேலை தேடி அலைந்ததை விட வேலை அவரைத் தேடி வந்தது அதிகம். திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே திறமையோடு பஞ்சத்துக்கு முப்பது வருஷம் முன்னால் வந்து இறங்கியிருந்தால் தச்சராகவே இருந்திருக்கவும் கூடும்.

இன்னொன்று, காசு பார்த்துக் கட்டும் சாமர்த்தியம். மக்கள் கூலி வேலைக்காரர்கள். ஞாயிறு காணிக்கைதான் கட்டட நிதி. அதனால் முதலில் திருப்பலி நடக்கிற அளவுக்குக் கட்டடம், கோபுரம் பிறகு என்று பல இடங்களில் வேலை நடந்தது. பாஸ்டன் பேராலயத்தை 1875-ல் அர்ச்சித்துத் திறந்தார்கள். பிளானில் இருந்த கோபுரக் கூம்புகள் இன்றுவரை ஏறவில்லை. அவர் குடியிருந்த புரூக்ளினிலேயே பெரிய பேராலயம் ஒன்றுக்கு 1868-ல் அடிக்கல் போட்டார்கள். அது கடைசிவரை முடியவே இல்லை, இப்போது அந்த இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குப் புதுசு இல்லை அண்ணாச்சி. சென்ட்ரிங் அடித்தபின் காசு நின்று போன வீடுகளை எத்தனை பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அவர் கட்டியதில் பிடித்தது பேராலயங்கள் எதுவும் இல்லை, மன்ஹாட்டனில் புனித பிரிஜித் கோயில்தான். 1848-ல் ஆரம்பித்தது. பக்கத்தில் கப்பல் கட்டும் துறை. பஞ்சத்துக்குத் தப்பி வந்து அங்கே வேலை பார்த்த ஐரிஷ் தச்சர்கள் இந்தக் கோயிலிலும் கை வைத்தார்கள். உள்ளே நின்று மேலே பார்த்தால் கூரை கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி இருக்கும் என்பார்கள். தோணி கட்டும் ஊரில் பிறந்த உங்களுக்கு அந்த மர விலா எலும்புகள் எப்படி வளையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2000-க்குப் பிறகு சுவர் விரிசல் விட்டு அந்தக் கோயிலை மூடினார்கள், இடிக்கவும் தொடங்கினார்கள். மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008-ல் பெயர் சொல்லாத ஒருவர் 2 கோடி டாலர் கொடுத்தார். பழுது பார்த்து 2013-ல் திறந்தார்கள்.

இந்தக் கதையை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். இன்றைக்கு அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில் பங்குகளை ஒன்றோடொன்று இணைக்கிறார்கள், கோயில்களை மூடுகிறார்கள். புதுக் கோயில் கட்டவே மாட்டார்கள் என்றில்லை. ஆனால் கீலி காலத்து அலை இல்லை. அங்கே இந்தத் துறையில் நிதானமாக வேலை இருப்பது பழைய கோயில்களைக் காப்பாற்றுவதில்: கூரை ஒழுகல், கல் உதிர்தல், மறுபயன்பாடு. எனவே பையனிடம் "கோயில் டிசைன்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லுங்கள். பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு என்று தனி எம்.ஆர்க் இருக்கிறது. அதற்கு அமெரிக்காதான் போக வேண்டும் என்பதும் இல்லை. டெல்லியிலும் போபாலிலும் உள்ள மத்திய அரசின் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகளிலும், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். செலவும் அமெரிக்கச் செலவு ஆகாது.

அப்புறம் லைசென்ஸ் விஷயம். பையன்கள் இதைத்தான் கடைசியில் விசாரிக்கிறார்கள். கீலி எந்தக் கல்லூரியிலும் டிகிரி வாங்கியவர் இல்லை, எந்தப் பரீட்சையும் எழுதியவர் இல்லை. அமெரிக்காவில் ஆர்க்கிடெக்டுக்கு லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் இல்லினாய்ஸ், 1897-ல். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து. அந்தக் கதவு மூடியாகிவிட்டது. இங்கே 1972-ம் வருஷச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதியாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அங்கே போனால் இந்தப் பதிவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து. கணக்குக் காட்டிப் பதிய வேண்டிய வேலை அனுபவம் 3,740 மணி நேரம், அதில் ஏறத்தாழ பாதியாவது அங்கே லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே. பிறகு ஆறு பகுதிகளாகத் தேர்வு. வாரம் 40 மணி நேரம் என்றால் அனுபவத்துக்கே இரண்டு வருஷம் ஓடிவிடும். பல மாநிலங்களில் அங்கீகாரம் பெற்ற படிப்பு கட்டாயம். எனவே எம்.ஆர்க் என்று பெயர் இருந்தால் போதாது. கட்டடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க தேசிய வாரியத்தின் (NAAB) பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்ளிகேஷன் போட வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு எம்.ஆர்க் இருக்கும், ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றொன்று இருக்காது. அங்கே வேலை பார்க்க வாங்கும் விசா வேறு குலுக்கல். பத்திரத்தை இந்த வருஷம் பேங்கில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சின்ன சம்பவம். சில வருஷம் முன்னால் இதே ஆசையோடு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். போர்ட்ஃபோலியோ அட்டகாசம், கம்ப்யூட்டரில் வரைந்த கோயில், கண்ணாடிச் சுவரில் சாயங்கால வெயில். எனக்குத் தெரிந்த ஒரு பங்குத்தந்தையிடம் காட்டச் சொன்னேன். அவர் நிதானமாகப் புரட்டிவிட்டு இரண்டே கேள்வி கேட்டாராம். "மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்க தம்பி போகும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?" பையனிடம் இரண்டுக்கும் பதில் இல்லை.

உங்கள் பையனுக்கு அந்த இரண்டு பதிலும் வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் "நான் படிக்காதவன், அவனுக்கு என்ன சொல்ல முடியும்" என்று எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. கீலியின் முதல் வாத்தியாரும் அவர் அப்பாதான்.

இந்த லீவுக்கு அவன் ஊருக்கு வரும்போது லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். ரசமட்டமும் டேப்பும் கொடுத்து உங்கள் கடற்கரையில் பழைய பங்குக் கோயில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சுவரின் தடிமன், ஜன்னல் வளைவு, கூரைச் சட்டம், உப்புக் காற்று அரித்த இடம் என்று எல்லாவற்றையும் அளந்து வரையட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எந்தப் பூச்சு சுண்ணாம்பு, எது பிற்பாடு அடித்த சிமெண்ட் என்று காட்டுங்கள். பழுது பார்க்க என்ன ஆகும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுங்கள். எம்.ஆர்க் அப்ளிகேஷனில் இந்தப் பத்துப் பக்கம் முன்னால் வரட்டும், சாயங்கால வெயில் படங்கள் பின்னால் போகட்டும்.

படிப்பு முடிந்ததும் பழைய கட்டட வேலை எடுக்கும் ஒரு ஆபீசில் இரண்டு வருஷம் இருக்கட்டும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அமெரிக்கா என்றால் கல்லூரிப் பட்டியலோடு என்னிடம் அனுப்புங்கள், கடன் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம். அளந்து வரைந்ததை அதற்கு முன்னாலேயே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எஸ்டிமேட் உங்கள் கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.