குழந்தையைத் தொடவே கை நடுங்குகிறது

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வார போஸ்டிங். ஒரு வாரம் ஓடிவிட்டது. ஒன்றே கால் கிலோ குழந்தையைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. சிஸ்டர்களும் "தொடாதே, தள்ளி நின்று பார்" என்கிறார்கள். ரெக்கார்டு எழுதுவதைத் தவிர எதுவும் செய்யவில்லை. போன புதன்கிழமை ஒரு குழந்தை இறந்துவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்பு மகளுக்கு,

புதன்கிழமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அழுததில் தப்பே இல்லை. ஆனால் பாத்ரூமில் தனியாக அழுததோடு அதை விட்டுவிடாதே. உன் ட்யூட்டர் மேடத்திடம் போய், "அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது, எனக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேள். என்ன நடந்தது என்று புரியாவிட்டால், நம் மேல்தான் ஏதோ தப்பு என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்ளும். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், பெற்றவளிடம் "அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் இழந்தது இந்தக் குழந்தையை. பக்கத்தில் பேசாமல் நின்றாலே போதும்.

சரி, கை நடுக்கத்துக்கு வருவோம். சிஸ்டர்கள் உன்னைத் தள்ளி நிற்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் தோல், பிளாஸ்திரியை வேகமாக இழுத்தால் அதோடு உரிந்து வந்துவிடும். மருந்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு டோஸ் ஆகிவிடும். அந்தப் பயம் உனக்கும் இருப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு வாரமும் சுவரோரம் நின்றே கழிந்தால் அது பயிற்சி ஆகாது.

தள்ளி நிற்கும்போது எதைப் பார்க்கிறாய்? மானிட்டரையா, குழந்தையையா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கியதைப் பார்த்து நான் அலறிவிட்டேன். சீனியர் சிஸ்டர் ஓடி வந்தார். மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் உதட்டையும் நெஞ்சையும் பார்த்தார். உதடு நல்ல சிவப்பு, மூச்சு சீர். ஆக்சிஜனை அளக்கக் காலில் கட்டியிருந்த புரோப் நழுவியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குக் குழந்தைதான் முதல், மானிட்டர் அப்புறம்தான்.

மூச்சை எண்ணிப் பழகு. முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே சரிவராது, ஏனென்றால் குறைமாதக் குழந்தை கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விடும், சில விநாடி நிறுத்தும், மறுபடி தொடங்கும். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, முனகினாலோ உடனே சொல். 20 விநாடி மூச்சு நின்றால் அது அவசரம். அதற்குள்ளேயே நிறம் மாறினாலும் அவசரம்தான். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 100 சதவீதம் என்று காட்டினால் சந்தோஷப்படாதே. பெரும்பாலும் 90 முதல் 95-க்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரை கெடும். இதையெல்லாம் கவனித்துச் சொல்கிற மாணவியை சிஸ்டர்கள் தாங்களே பக்கத்தில் கூப்பிடுவார்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். டியூட்டி மாறும் நேரத்தில் போய் நிற்காதே. ரவுண்ட்ஸ் முடிந்து கொஞ்சம் ஓய்ந்ததும், "நான் செய்யட்டுமா?" என்று கேட்காமல், "நீங்கள் ரத்தம் எடுக்கும்போது நான் பிடித்துக்கொள்ளட்டுமா, சிஸ்டர்?" என்று கேள். ஊசி குத்தும்போது குழந்தையின் கைகால்களை மடக்கி, உன் இரண்டு உள்ளங்கைக்குள் அணைத்தாற்போல் வைத்திருந்தால் அதற்கு வலி தணியும். உன் நடுக்கமும் அங்கேதான் அடங்கும். அடுத்து, வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க அனுமதி கேள். வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் சில்லென்றிருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடல் வெப்பம் 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு இடத்தையும் நீ மறந்திருக்கிறாய். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்களே தாய்மார்கள், அவர்களிடம் போ. நாலு சொட்டு சீம்பால்தான் வந்தது என்று அழுகிறவளுக்கு, அந்த நாலு சொட்டும் எவ்வளவு பெரியது என்று சொல். பாலாடையில் அவள் பால் புகட்டும்போது கூடவே இரு. கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு கட்டும்போது, கழுத்து லேசாக நிமிர்ந்து முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. பிறந்த உடனேயே ஆரம்பித்து, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அத்தனை நேரமும் அந்தத் தாயோடு உட்கார ஸ்டாஃபுக்கு நேரம் ஏது? உனக்கு இருக்கிறது. உன் கேஸ் ஸ்டடிக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது.

லாயக்கா இல்லையா என்று ஒரு வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை போனதும் வளையல், மோதிரம், வாட்ச் மூன்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவு. ஒரே ஒரு குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொள். அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி, சிஸ்டரிடம் போய்ச் சொல்.