டேங்க்கில் தண்ணீர்: எஞ்சின் தப்பிக்குமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். போன வாரம் அடைமழையில் 20 லிட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. டேங்க்கில் தண்ணீர் என்கிறார் மெக்கானிக். தண்ணீர் இல்லை, எத்தனால் என்கிறார் பங்க்காரர். எஞ்சின் பாழாகியிருக்குமா?
- கடலூர் வாசகர்

பதில்: முதலில், திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அடிக்கிற ஒவ்வொரு முறையும் டேங்க்கின் அடியில் கிடப்பதைத்தான் பம்ப் உறிஞ்சி, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டருக்கு அனுப்பும். ஒரு கிலோமீட்டருக்குள் நின்றதே நல்லது. பெரும்பாலும் எஞ்சின் தப்பித்திருக்கும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் ஈரம் என்றால் எத்தனால் அதைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும், வண்டியும் ஓடிவிடும். பங்க்கின் தரையடித் தொட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி அளவு மீறினால் கதையே வேறு. தண்ணீர் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் புகுந்தாலும் அடியில் நிற்பது அதைவிட எத்தனையோ மடங்கு. மேலே மிஞ்சும் பெட்ரோலிலும் எத்தனால் போய்விடுவதால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டல் வராமல் எரியும் திறன், குறைந்துவிடும். ஆக, எத்தனால் தானாகப் பிரியாது. தண்ணீர் வந்தால்தான் பிரியும். உங்கள் மெக்கானிக் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரே காலையில் மூன்று கார்களை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்றும் ஒரே பங்க்கில் போட்டவை. டேங்க்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வைத்தேன். கோடு கிழித்தது போல இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே தெளிவு, கீழே கலங்கல். இரண்டு வண்டிகள் டேங்க்கைச் சுத்தம் செய்ததும் கிளம்பிவிட்டன. மூன்றாவது வண்டிக்காரர் நடுவழியில் வெகுநேரம் செல்ஃப் அடித்திருக்கிறார். பம்ப் போய்விட்டது. அந்தப் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவதே அதற்குள் ஓடுகிற பெட்ரோல்தான். அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஃபில்டரை மாற்றி, லைனை ஊதி, இஞ்செக்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியே ரப்பர் ஓஸ்களையும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். உங்களுடையது 20 சதவீத எத்தனாலுக்கு முந்தைய வண்டி. ஓஸ் ஊதியோ வெடிப்பு விட்டோ இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். எத்தனாலைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை அதுதான்.

பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அது மண்ணெண்ணெய் மாதிரியான கலப்படத்துக்கு. ஒரு துளி விட்டால் கறை இல்லாமல் காய வேண்டும். தண்ணீர் விஷயத்துக்கு ஜாடிதான் சாட்சி. டேங்க்கை இறக்குகிற அன்று நீங்களும் கூடவே நின்று, பிரிந்து நிற்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லோடு அந்த ஜாடியையும் மூடி போட்டுப் பத்திரமாக வையுங்கள். பங்க்காரர் மறுத்தால் எண்ணெய் நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது இரண்டும் தேவைப்படும்.